கையால் திருப்பும் தட்டு

கறுப்பைத்தான் எடுக்கச் சொல்வார்கள் என்று வீட்டிலிருந்து வெளிக்கிடும்போதே எனக்குத் தெரியும். வயது போனவளுக்குக் கறுப்பு, நினைவு தடுமாறுகிறவளுக்குக் கறுப்பு. துவக்கும் தோட்டாவும் விற்கும் கடையின் பின்பக்கத்தில் தடித்த பலகை மேசை ஒன்றில் தோட்டா நிரப்பும் இயந்திரங்கள் இரண்டையும் அருகருகே முடுக்கி வைத்திருக்கிறார் கடைக்காரர் வால்ட்டர், ஒன்று மஞ்சள், ஒன்று கறுப்பு, இரண்டிலும் ஒரு நீண்ட கைபிடி, இரண்டிலும் ஒரு வட்டத் தட்டு. கைபிடியைக் கீழே இழுத்து மேலே விட வேண்டியதுதான் வேலை. சுட்டு முடிந்த வெற்றுக் கோது தட்டில் ஏறும், முதல் நிலையத்தில் அதன் வளைவு நெளிவு நேராகும், இரண்டாவதில் வெடிமருந்து விழும், மூன்றாவதில் ஈயக் குண்டு உட்காரும், நான்காவதில் வாய் இறுகும், எல்லாம் ஒரே இழுப்பில் நான்கு கோதுகளுக்கும் நடப்பதால் ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு முழுத் தோட்டா கிண்ணத்தில் வந்து விழும். ஒரு மணித்தியாலத்தில் முந்நூறு நானூறு செய்யலாம். வித்தியாசம் தட்டில்தான். கறுப்பில் அது தானாகச் சுழலும். மஞ்சளில் ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் பெருவிரலால் நான்தான் திருப்ப வேண்டும். திருப்ப மறந்து மறுபடி இழுத்தால் அதே கோதுக்குள் இரண்டாம் தரமும் மருந்து விழும். என் துவக்குக்குரிய கோது பெரியது, மருந்து அடியில் கொஞ்சம்தான், இரட்டிப்பாக விழுந்தாலும் வழிந்து காட்டிக்கொடுக்காது. குண்டு மேலே உட்கார்ந்துவிட்டால் பிறகு அது மற்றத் தோட்டாக்களோடு சேர்ந்து நல்ல பிள்ளையாக இருக்கும். அதைச் சுடும் நாளில் துவக்கு என் முகத்துக்கு முன்னால் பிளக்கும், அல்லது பக்கத்து மேசையில் நிற்கிறவரின் முகத்துக்கு. இதெல்லாம் எனக்குத் தெரியாதென்று நினைத்துத்தான் எல்லோரும் எனக்கு விளங்கப்படுத்துகிறார்கள்.

மூன்று கிழமைக்கு முன் ஒரு டொக்டர் என்னை மணிக்கூடு வரையச் சொன்னார். அறுபத்திரண்டு வயதுப் பெண்ணிடம் ஒரு தாளைத் தந்து, பதினொன்று பத்தைக் காட்டுங்கள் என்றார். காட்டினேன். ஐந்து சொற்களைச் சொல்லி, கொஞ்சம் கதைத்துவிட்டுத் திருப்பிக் கேட்டார். மூன்று வந்தது. நாலாவது நுனிநாக்கில் நின்றது, ஐந்தாவது பற்றி ஒரு தகவலும் இல்லை. விளிம்பில் இருக்கிறீர்கள், ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார். விளிம்பு என்றதும் பக்கத்தில் இருந்த என் மகள் ஆரணி என் கையைப் பிடித்தாள், நான் உண்மையாகவே எங்கேயோ விழப்போகிறேன் என்பது போல. அன்றிலிருந்து எல்லாமே சாட்சியம் ஆகிவிட்டது. பால் பொங்கி அடுப்பு அணைந்தது சாட்சியம், கடைத்தொகுதியில் காரை எந்தப் பக்கம் விட்டேன் என்று தேடியது சாட்சியம், என் சிநேகிதி சாந்தினியின் மகளைச் சாந்தினி என்று கூப்பிட்டது சாட்சியம். போன வருடம் ஆரணி கடவுச்சீட்டை வீட்டில் வைத்துவிட்டு விமான நிலையம் போய் நின்று அழுதாளே, அவளை யாராவது மணிக்கூடு வரையச் சொன்னார்களா. முப்பத்தைந்து வயதில் மறந்தால் களைப்பு, அறுபத்திரண்டில் மறந்தால் நோய். "அம்மா, துவக்கைக் குடுத்திடுங்கோ, லைசென்சையும் குடுத்திடுங்கோ, எனக்கு நித்திரை வருகுதில்லை" என்றாள். நான் மெசின் வாங்கப் போகிறேன் என்றேன். அந்த நேரம் வரைக்கும் அப்படி ஒரு எண்ணம் எனக்கு இருக்கவில்லை. வாயிலிருந்து வந்த பிறகுதான் அது என் தீர்மானம் என்று எனக்கே தெரிந்தது.

ஆரணிக்கு இன்னொரு கதையும் இருக்கிறது. அவள் படித்த படிப்புக்கு அந்தக் கதை தேவை. அம்மா சண்டைக்குள் வளர்ந்தவ, சத்தத்துக்குப் பயந்து பயந்து வாழ்ந்தவ, அதனால் இப்போது சத்தத்தைத் தன் கைக்குள் கொண்டுவரப் பார்க்கிறா. கேட்க வடிவாகத்தான் இருக்கிறது. ஷெல் புறப்படும் ஒலிக்கும் விழும் ஒலிக்கும் இடையில் சாவகச்சேரியில் நாங்கள் எண்ணியிருக்கிறோம், ஒன்று, இரண்டு, மூன்று என்று, எண்ணிக்கை ஏழைத் தாண்டினால் எங்களுக்கில்லை. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நான் கிழமைக்கொரு தரம் போய்ச் சுடுவது இரும்புக் கோழியை. நாற்பது மீற்றரில் கோழி, அதற்கப்பால் பன்றி, அதற்கும் அப்பால் வான்கோழி, நூறு மீற்றரில் செம்மறிக் கடா, எல்லாம் இரும்புத் தகட்டில் வெட்டி நிறுத்தியவை. குண்டு பட்டதும் ஒரு கணம் ஒன்றும் நடக்காது, பிறகு டிங் என்று ஒலி வரும், கடா பின்பக்கமாகச் சாயும். அந்த ஒரு கணத்துக்காகத்தான் போகிறேன். வெள்ளிக்கிழமை மரக்கறி, சனிக்கிழமை பன்றி வேட்டை என்று இவர், என் மனுசன், பகிடி பண்ணுவார். பண்ணட்டும். வேலையை விட்டு நின்ற வருடம் பக்கத்து வீட்டுக்காரி தன் சுடும் கழகத்துக்குச் சும்மா பார்க்கக் கூட்டிக்கொண்டு போனாள், ஐந்து கோழியில் நான்கை விழுத்தினேன், அங்கே நின்ற ஆட்கள் கை தட்டினார்கள். அதற்கு முன் என் வாழ்க்கையில் நான் செய்த எதற்கும் ஒருவரும் கை தட்டியதில்லை, சோறு காய்ச்சியதற்கா தட்டுவார்கள். எனக்கு அது பிடித்தது. பிடித்ததற்கு எதற்கு ஒரு யுத்தம் வேண்டும்.

இவர் கதிரையில் இருந்து எழுந்து வந்து கறுப்பின் கைபிடியை ஒருமுறை இழுத்துப் பார்க்கிறார். தட்டு டக்கென்று சுழல்கிறது. பரமலிங்கம் என்று ஊரில் பெயர், நாற்பது வருடமாக எனக்கு 'இவர்'. "இஞ்சேரும், இதை எடும். தானாச் சுத்துது, கரைச்சல் இல்லை" என்கிறார். "எனக்குக் கரைச்சல் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?" என்கிறேன். "ஒருத்தரும் சொல்லேல்லை. பாக்கத் தெரியுதுதானே." "மஞ்சளைப் பாக்க என்ன தெரியுது?" "அது நெடுக யோசிச்சுக்கொண்டு நிக்கவேணும்." "நான் யோசிக்க மாட்டன் எண்டுறியள்." அவர் சட்டைப்பையில் கைத்தொலைபேசி அதிர்கிறது, அவர் முகத்தைப் பார்த்தாலே யார் என்று தெரிகிறது. "ஆரணி. என்ன செய்யிறியள் எண்டு கேக்கிறாள்." "கடையிலை நிக்கிறம் எண்டு சொல்லுங்கோ." அவர் கதைத்தபடி வெளியே காரடிக்குப் போகிறார், என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பப்பட்டவர், பாவம், இரண்டு பக்கத்துக்கும் நல்லவராக இருக்கப் பார்க்கிறார். வால்ட்டர் எழுபது கடந்தவர், இரண்டு காதிலும் கருவி, விற்க வேண்டும் என்ற அவசரம் இல்லாத மனிதர். மஞ்சள் எளிமையானது என்கிறார், உடைய ஒன்றுமில்லை, ஆனால் அது உங்கள் கவனத்தைக் கேட்கும். கறுப்பு உங்கள் கவனத்தைக் கேட்காது, தானே சுழலும், ஐந்தாவதாக ஒரு நிலையம் இருக்கிறது, கோதுக்குள் மருந்து கூடினாலோ குறைந்தாலோ கத்தும். ஆனால் அதில் பாகங்கள் அதிகம், இழுப்பை அரைவாசியில் நிறுத்தி விளையாடினால் அதுவும் குழம்பும். நீங்கள் எதைப் பாவிக்கிறீர்கள் என்று கேட்டேன். மனைவி இருந்தவரைக்கும் மஞ்சள் என்றார். மஞ்சளில் இருபது செய்து பார்க்கட்டுமா என்றேன். அவருக்கு அது பிடித்தது. மருந்துக் குழாயில் வெடிமருந்துக்குப் பதிலாகக் கசகசா நிரப்பினார், அதுவும் அப்படித்தான் ஓடும், பாண் சுடுகிற பேக்கரியில் வாங்குவாராம். இருபது கோதும் இருபது குண்டும் எண்ணித் தந்துவிட்டு, முன்பக்கத்தில் மணி அடிக்க யாரையோ கவனிக்கப் போனார்.

ஒன்று. இழு, விடு, பெருவிரலால் திருப்பு, புதுக் கோது வை, குண்டு வை. இரண்டு. இழு, விடு, திருப்பு. கைபிடி நல்ல பாரமாக இருக்கிறது, எனக்குப் பாரம் பிடிக்கும். மூன்று. நாலு. முதல் தோட்டா கிண்ணத்தில் விழுகிறது, டிணுங். இதைச் செய்யத்தான் நான் பிறந்தேன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இருபத்திரண்டு வருடம் கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் தகடு அழுத்தும் இயந்திரத்தில் நின்றவள் நான், ஆரணியின் படிப்பும் அந்த வீடும் அந்த இழுப்பிலும் அழுத்தலிலும் வந்தவை. ஐந்து. ஆறு. அந்த டொக்டர் என்னை அங்கே வந்து பார்த்திருக்க வேண்டும். ஏழு. திருப்பு. அங்கே இரண்டு பொத்தான் இருந்தது, இடக்கைக்கு ஒன்று வலக்கைக்கு ஒன்று, இரண்டையும் ஒரே நேரம் அழுத்தினால்தான் மேல்தகடு இறங்கும், அப்போது இரண்டு கையும் வெளியே இருக்கும் அல்லவா. எங்களை நம்பாத பொத்தான்கள் என்று நான் சொல்வேன். எட்டு. ஒன்பது. எண்ணிக்கை எட்டாவிட்டால் மேற்பார்வையாளர் வந்து பின்னால் நிற்பான், அதனால் இடப் பொத்தானை அழுத்தி அதன்மேல் டேப் ஒட்டிவிடுவோம், ஒரு கை தகட்டுக்கு, ஒரு கை பொத்தானுக்கு, வேலை இரண்டு மடங்கு வேகம். நானும் ஒட்டினேன், ஜூலியெற்றாவுக்கு ஒட்டப் பழக்கினதும் நான்தான். பிலிப்பைன்ஸ்காரி, என்னைவிடப் பத்து வயது குறைவு, பல்லெல்லாம் தெரியச் சிரிப்பாள். பத்து. ஒரு நாள் மேற்பார்வையாளன் நடக்கிற மாதிரி நான் நடந்து காட்டினேன். கழுத்தை முன்னுக்கு நீட்டி, பின்பக்கத்தை ஆட்டி. அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வலக்கை பொத்தானுக்குப் போனது, இடக்கை தகட்டில் இருந்தது. அவள் கத்தவில்லை. சிரிப்பு முகத்திலிருந்து போக நேரம் எடுத்தது, அதுதான் என் மனதை விட்டுப் போகவில்லை. இரண்டு விரல். பிறகு அறைக்குள் கூப்பிட்டு என்ன நடந்தது என்று கேட்டார்கள். நான் பார்க்கவில்லை என்றேன். டேப்பா, எனக்குத் தெரியாது. பதினாலு வருடமாகிவிட்டது. இவருக்கும் சொன்னதில்லை. டொக்டர் தந்த ஐந்து சொல்லில் இரண்டு போய்விட்டது, இது மட்டும் போகாதாம், அந்த மஞ்சள் டேப்பின் நுனி உரிந்து நின்றது கூடத் தெரிகிறது. எத்தனை. பன்னிரண்டா. கிண்ணத்தைப் பார்த்தால் தெரியும். கோது இருக்கிறது, குண்டு இருக்கிறது, பெருவிரல் தட்டில் இருக்கிறது. திருப்பினேனா. திருப்பித்தான் இருப்பேன், விரல் தன் வேலையைச் செய்திருக்கும், இருபத்திரண்டு வருட விரல். இழு, விடு, திருப்பு. பதின்மூன்று என்று வைத்துக்கொள். பதினாலு. பதினைந்து. இப்போது ஒன்றும் நினைக்காதே. பதினாறு. ஒன்றும் நினைக்காதே என்று நினைப்பதும் நினைப்புத்தான், சனியன். பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது, இருபது. கடைசி நான்கும் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக விழ, இருபது தோட்டா கிண்ணத்தில் கிடந்தது. எனக்கு வியர்த்திருந்தது.

பார்க்க எல்லாம் ஒன்றுபோல இருக்கிறது. தராசில் வைத்தாலும் பிரயோசனமில்லை, கோதுக்குக் கோது நிறை மாறும், ஒரு சிட்டிகை கசகசா அதற்குள் ஒளிந்துவிடும். உடைத்துத்தான் பார்க்க வேண்டும். மேசையில் ஒரு சுத்தியல் கிடக்கிறது, அதன் தலை உள்ளே வெறுமையானது, அதற்குள் தோட்டாவைப் பொருத்தி மரக்கட்டையில் அடித்தால் குண்டு கழன்று விழும், கழகத்தில் செய்திருக்கிறேன். வெடிமருந்தும் அதைப் பற்றவைக்கும் கேப்பும் இல்லாத தோட்டா, பயமில்லை, அடிக்கலாம். முதலாவதை அடித்தேன், கசகசாவைச் சின்னத் தட்டில் கொட்டித் தராசில் வைத்தேன், சரி. இரண்டாவதும் சரி. ஐந்து, ஆறு, எல்லாம் சரி, முள் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது, எனக்குள் ஒருத்தி இடுப்பில் கைவைத்து நிமிரத் தொடங்குகிறாள், ஆரணி, வா, வந்து பார், விளிம்பாம். பத்துச் சரி. பதினொன்று சரி. அடுத்ததை அடித்தபோது கொட்டும்போதே கண்ணுக்குத் தெரிந்தது. தட்டில் ஒரு மேடாகக் கிடக்கிறது. தராசில் வைக்கத் தேவையே இல்லை, வைத்தேன், சரியாக இரண்டு மடங்கு. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதலில் வந்தது கோபம்தான், வால்ட்டரில், மஞ்சளில், கசகசாவில், கோபப்பட ஆள் முடிந்த பிறகு என்னில். வால்ட்டர் முன்பக்கத்தில் யாருக்கோ பூட்டுக் காட்டிக்கொண்டிருக்கிறார். இவர் காரடியில். ஒருவரும் பார்க்கவில்லை. ஒரு ஊதல் போதும், நிலத்தில் கசகசா, இருபதும் சரி என்று சொல்லி மஞ்சளைத் தூக்கிக்கொண்டு போகலாம், போய் ஆரணிக்கு முன்னால் வைக்கலாம். வாய் ஊதுவதற்குக் குவிந்தும் விட்டது. இந்த வாய்க்குப் பழக்கம் இருக்கிறது, எனக்குத் தெரியாது என்று ஒருமுறை சொன்ன வாய்தானே. அப்போது விரல் அவளுடையது. இப்போது என் வலப்பக்கத்து மேசையில் சனிக்கிழமைதோறும் நிற்பது பக்கத்து வீட்டுக்காரி, துவக்கு பிளந்தால் இரும்புத் துண்டு அவளுக்கும்தான் போகும். நான் ஊதவில்லை. மிச்சம் எட்டையும் அடித்துப் பார்த்தேன், எட்டும் சரி. இருபதில் ஒன்று. தட்டை அப்படியே இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு முன்பக்கம் போய் வால்ட்டருக்கு முன்னால் வைத்தேன். ஒன்றில் இரண்டு தரம் விட்டுவிட்டேன் என்றேன். என் மனம் வேறெங்கோ போய்விட்டது என்றேன். பூட்டு வாங்க வந்தவர் என்னையும் கசகசாவையும் மாறி மாறிப் பார்த்தார். வால்ட்டர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத் தட்டைக் கிட்ட எடுத்தார். எனக்கு மூன்று கோதில் அப்படி விழுந்தது, அதனால்தான் நான் கறுப்புக்கு மாறினேன் என்றார். கறுப்பைத் தாருங்கள் என்றேன்.

வயது போனவளுக்கு என்று எடுத்ததல்ல அது. அப்படியென்று எவராவது என் முகத்துக்கு நேரே சொல்லட்டும், பார்த்துக்கொள்கிறேன். இவர் உள்ளே வந்து, தொலைபேசியைக் கையில் நீட்டி, "நீரே கதையும், எனக்கு ஏலாது" என்றார். நான் வாங்கிக் காதில் வைத்தேன். "அம்மா, நான் சண்டைக்கு வரேல்லை" என்றாள் ஆரணி. அந்தக் குரலில் கிழமைக்கணக்கான நித்திரையின்மை இருந்தது, அதற்காக நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

"சண்டை இல்லை. கேள். மஞ்சளிலை இருவது செய்து பாத்தன். ஒண்டு பிழைச்சுப் போச்சு. ரெண்டு தரம் விழுந்திட்டுது."

"ரெண்டு தரமோ?" என்றாள்.

"கசகசாதான், பயப்பிடாதை. நானே அடிச்சு உடைச்சு, நானே கண்டுபிடிச்சனான். வேறை ஒருத்தரும் பாக்கேல்லை."

"அப்ப விட்டிடுங்கோவன், அம்மா."

"விடமாட்டன். கறுப்பை எடுக்கிறன். தட்டு தானாச் சுத்தும், கூடக் குறைய விழுந்தால் கத்தும். மாசத்துக்கு ஒருக்கா அதிலையும் கசகசா போட்டு இருவது செய்து உடைச்சுப் பாப்பன். ஒண்டு பிழைச்சாலும் அண்டைக்கே துவக்கைக் கொண்டுபோய்க் குடுப்பன். டொக்டரும் சொல்லத் தேவையில்லை, நீயும் சொல்லத் தேவையில்லை. அந்த நாளை நான்தான் சொல்லுவன்."

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. இவர் பக்கத்தில் நின்று, கதைப்பது தனக்குக் கேட்காத மாதிரி, கறுப்பின் கைபிடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பிழைச்சால் எனக்குச் சொல்லுவீங்களோ?" என்றாள்.

"இண்டைக்குச் சொன்னன்தானே" என்றேன்.